கவலைச் சாலில் இருந்து கார் சீட் வரை: தோலுக்கு எண்ணெய் போடலாமா?

இது எபிசோடின் எழுத்து வடிவம். பேசும்போது வந்த 'அப்புறம்', 'வந்து', இருமல் எல்லாத்தையும் வெட்டியாச்சு. மற்றபடி மைக்கில் சொன்னதுதான்.

நம்ம நேயர் ஒருத்தர் மோகனூரில் இருந்து ஒரு வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தார். பழைய கார் ஒன்று கைமாற்றி வாங்கியிருக்கார். உள்ளே லெதர் சீட். நாமக்கல் வெயிலில் நின்று நின்று சீட்டின் மேல்பகுதி காய்ந்து, கோடு கோடாக வெடிப்பு தெரியுது. அவங்க அப்பா சொல்றார்: "வெளக்கெண்ணெய் தேச்சு வுடு சாமி, தோலுன்னா எண்ணெ கேக்கும்." குஷன் ஒர்க்ஸ் வைத்திருக்கிறவர் சொல்றார்: "வேண்டாங்கண்ணா, எண்ணெயை மட்டும் கிட்டயே கொண்டு போயிராதீங்க." ரெண்டு பேருமே அனுபவசாலிகள். யார் சொல்வது சரி?

பதில்: ரெண்டு பேருமே சரி. அப்பா பேசுவது ஒரு தோலைப் பற்றி, குஷன் கடைக்காரர் பேசுவது வேறொரு தோலைப் பற்றி. பெயர் மட்டும்தான் ஒன்று. நடுவில் சுமார் 120 வருஷம் ஓடியிருக்கு. அந்த 120 வருஷத்தில் நடந்த முக்கியமான திருப்பம் ஒன்று மெட்ராஸில் நடந்தது. அது நடக்கக் காரணங்களில் ஒன்று கார் இல்லை, செருப்புகூட இல்லை. கிணற்றில் தண்ணீர் இறைக்கிற தோல் பை. அதைத்தான் இன்னைக்குப் பார்க்கப் போறோம்.

மோகனூர் தெரியாதவங்களுக்கு: நாமக்கல்லுக்குத் தெற்கே, காவிரிக் கரையில் இருக்கிற ஊர். நாமக்கல் கவிஞர் ராமலிங்கம் பிள்ளை 1888-ல் பிறந்தது இங்கேதான். சேலம் கூட்டுறவு சர்க்கரை ஆலை இருப்பதும் இங்கேதான், பெயரில் மட்டும்தான் சேலம். ஆற்றை ஒட்டி வாய்க்கால் பாசனம், கரும்பு, வாழை, வெற்றிலை. ஆனால் கரையை விட்டு வடக்கே கொஞ்சம் நகர்ந்தாலே மேட்டுக்காடு. அங்கே கிணறுதான் எல்லாம். அந்தக் கிணற்றில் மோட்டார் வருவதற்கு முன்னால் இருந்தது கவலை.

கவலை என்றால் மனக்கவலை இல்லை. தெற்கே கமலை என்பார்கள், கொங்குப் பக்கம் கவலை. கிணற்று மேட்டில் ஒரு உருளை, அதில் வடக்கயிறு, கயிற்றின் ஒரு முனையில் பெரிய சால், இன்னொரு முனையில் ரெண்டு மாடு. மாடு சரிவில் இறங்கும்போது சால் மேலே வரும். சாலின் அடியில் யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு தோல் குழாய் இருக்கும். மேலே வரும் வரை அந்தக் குழாயின் வாயை இன்னொரு கயிறு தூக்கிப் பிடித்திருக்கும், அதனால் தண்ணீர் சிந்தாது. மேலே வந்ததும் வாய் தொட்டிப் பக்கம் சாய்ந்து தண்ணீரைக் கொட்டும். மாடு பின்னாலேயே நடந்து வந்தால் சால் மறுபடியும் கிணற்றுக்குள். ஒரு ஆள், ரெண்டு மாடு, வால்வு இல்லாத ஆட்டோமேட்டிக் வால்வு. இன்ஜினீயரிங் படித்தவனாகச் சொல்றேன், அந்தத் தோல் குழாய் டிசைன் அபாரம்.

சில இடங்களில் சால் முழுக்கத் தோலாக இருக்கும். பிறகு இரும்புச் சால் வந்தது. இரும்பு வந்த பிறகும் அந்தக் குழாய் மட்டும் தோலாகவே இருந்தது, வளைகிற வேலையை இரும்பு செய்யாதே.

இப்போ அந்தத் தோலின் நிலைமையை யோசிங்க. காலையில் இருந்து தண்ணீரில் முங்கி எழுகிறது. இறைப்பு முடிந்ததும் வெயிலில் காய்கிறது. மறுநாள் மறுபடியும் முங்குகிறது. ஒரு காரின் சீட் பத்து வருஷத்தில் படுகிற பாட்டை இது பத்து நாளில் படும்.

தோல் என்பது அடிப்படையில் கொலாஜன் என்கிற புரத இழைகளின் பின்னல். பச்சைத் தோலை அப்படியே விட்டால் அழுகிவிடும், காயவைத்தால் பலகை மாதிரி ஆகிவிடும். பதனிடுவது என்றால் அந்த இழைகளோடு வேறொரு பொருளைப் பிணைத்து, கிருமி தின்ன முடியாதபடி செய்வது. நம்ம ஊரில் அந்தப் பொருள் ஆவாரம்பட்டையில் இருந்து வந்தது. பொங்கலுக்குக் காப்புக் கட்ட வேப்பிலை, பூளைப்பூவோடு சேர்த்து வைக்கிற மஞ்சள் ஆவாரம்பூ இருக்கே, அதே செடி. அதன் பட்டையில் டேனின் நிறைய. கொன்னைப் பட்டையும் சேர்ப்பார்கள், கடைசியில் கடுக்காய். வாரக்கணக்கில், சில தோலுக்கு மாதக்கணக்கில் ஊறவைக்கணும்.

இந்தப் பட்டைத் தோலுக்கு ஒரு பலவீனம் உண்டு. இழைகளோடு முழுசாகப் பிணையாத டேனின் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து வெளியே போகும். காயும்போது இழைகள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு விறைக்கும். அப்போ மடக்கினால் வெடிக்கும். இழைகளுக்கு நடுவே எண்ணெய் இருந்தால் ஒட்டாது, வழுக்கும், தண்ணீரும் சுலபமாக உள்ளே போகாது. அதனால்தான் பதனிடும்போதே புங்க எண்ணெய் தேய்ப்பது வழக்கம். பயன்படுத்தும்போது திரும்பத் திரும்ப எண்ணெய் காட்டணும். நம்ம தாத்தாக்கள் புதுத் தோல் செருப்பை விளக்கெண்ணெயில் ஊறவைத்ததும் இதே கணக்குதான். மோகனூர் அப்பா சொன்ன 'தோலுன்னா எண்ணெ கேக்கும்' என்பது மூடநம்பிக்கை இல்லை. அந்தத் தோலுக்கு அது சரியான மெயின்டெனன்ஸ் மேனுவல்.

இங்கே ஒரு விஷயத்தைத் தாண்டிப் போக முடியாது. அந்தக் கவலைத் தோலை யார் செய்தார்கள்? யார் எண்ணெய் போட்டு, கிழிந்தால் தைத்துக் கொடுத்தார்கள்? கொங்கு நாட்டில் அந்த வேலை அருந்ததியர் மக்கள் தலையில் இருந்தது. விவசாயி வீட்டோடு பிணைத்த வேலை, கூலி பெரும்பாலும் தானியம். ஊரின் வயலுக்குத் தண்ணீர் அவர்கள் தைத்த பையில்தான் வந்தது. ஆனால் ஊர்க் கிணற்றில் அவர்கள் தண்ணீர் எடுக்கக் கூடாது. அதே தோல், அதே கிணறு. செத்த மாட்டைத் தொடுவது தீட்டு, அதன் தோலில் வந்த தண்ணீர் தீட்டில்லை. இந்த லாஜிக்கை எந்தக் கம்பைலரும் ஏற்றுக்கொள்ளாது, ஆனால் ஊர் ஏற்றுக்கொண்டது. 'நம்ம பாரம்பரியத் தோல் அறிவு' என்று பெருமையாகப் பேசும்போது, அந்த அறிவு யாருடையது என்பதையும் சேர்த்துத்தான் பேசணும்.

சரி, மெட்ராஸுக்குப் போவோம்.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மெட்ராஸ் மாகாணம் லண்டனுக்கு அனுப்பிய பெரிய சரக்குகளில் ஒன்று ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல். வணிகத்தில் அதற்கு 'ஈஸ்ட் இந்தியா' தோல் என்றே பெயர். வாணியம்பாடி, ஆம்பூர், திண்டுக்கல், திருச்சி, ஈரோடு என்று டேனரிகள். இங்கே பாதி வேலை, அங்கே மீதி வேலை. அரைகுறையாகப் பதனிட்ட தோல் கப்பலேறும், இங்கிலாந்தில் அதைச் சாயம் போட்டு, மெருகேற்றி, ஷூவாகவும் பையாகவும் புத்தக அட்டையாகவும் விற்பார்கள். லாபத்தின் பெரிய பங்கு அந்த மீதி வேலையில்.

புத்தக அட்டை என்றதும் ஒரு சின்னக் கிளைக்கதை. 1900 வாக்கில் இங்கிலாந்து நூலகங்களில் தோல் அட்டைகள் செந்தூளாக உதிர ஆரம்பித்தன. கையில் எடுத்தால் சிவப்புப் பொடி. லண்டனில் ஒரு கமிட்டி போட்டு ஆராய்ந்தார்கள். 1905-ல் வந்த அறிக்கை குற்றவாளிப் பட்டியலில் ஈஸ்ட் இந்தியா தோலையும் சேர்த்தது. ஆவாரம்பட்டை டேனின் வகை, கேஸ் விளக்கும் நிலக்கரியும் கக்குகிற கந்தகப் புகையை இழுத்து அமிலமாக மாறி இழையை அரிக்கும். மேட்டுக்காட்டுச் செடி லண்டன் புகையோடு ஒத்துப்போகவில்லை, அவ்வளவுதான். இதற்கும் வைத்தியமாக நூலகங்கள் எண்ணெய்ப் பூச்சுதான் பூசின. பல பத்தாண்டுகள் கழித்துத்தான் அந்தப் பூச்சுகளால் அரிப்பு நிற்கவில்லை, சில சமயம் கெடுதலும் நடந்தது என்று புரிந்துகொண்டார்கள். எண்ணெய் எல்லா நோய்க்கும் மருந்து இல்லை என்பதற்கு முதல் அறிகுறி அது.

அதே சமயம் அமெரிக்காவில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. 1884-ல் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் என்பவர் மரப்பட்டை இல்லாமல், குரோமியம் உப்பை வைத்துத் தோல் பதனிட காப்புரிமை வாங்கினார். 1893-ல் மார்ட்டின் டென்னிஸ் அதை இன்னும் எளிதாக்கினார். வாரக்கணக்கான வேலை நாள் கணக்காகச் சுருங்கியது. குரோம் தோலின் பெரிய குணம், அது தண்ணீருக்கும் சூட்டுக்கும் அசராது. பட்டைத் தோலைக் கொதிநீரில் போட்டால் சுருண்டு சுருங்கிவிடும், நன்றாகப் பதனிட்ட குரோம் தோல் தாங்கும். இன்னைக்கும் டேனரியில் கொதிநீர்ச் சோதனை உண்டு.

இப்போ கதாநாயகன் வர்றார். ஆல்ஃப்ரெட் சாட்டர்டன். மெட்ராஸ் இன்ஜினீயரிங் கல்லூரிப் பேராசிரியர், பிறகு ஸ்கூல் ஆஃப் ஆர்ட்ஸுக்குக் கண்காணிப்பாளர். இப்போ எழும்பூர் பக்கம் ஓவியக் கல்லூரி என்று நாம் சொல்கிற இடம்தான் அது. அங்கே சிலை, ஓவியம் சொல்லிக்கொடுத்துக்கொண்டே அலுமினியப் பாத்திரம் செய்யும் பிரிவை 1898-ல் தொடங்கியவர். இன்னைக்குப் பாஷையில் சொன்னால் அரசாங்கச் சம்பளத்தில் ஸ்டார்ட்அப் நடத்தினவர். அவருக்கு இன்னொரு பைத்தியம், கிணற்றுப் பாசனம். ஒரு மாடு எவ்வளவு தண்ணீர் இறைக்குது, எவ்வளவு செலவு ஆகுது என்று அளந்துகொண்டே இருந்தார். அப்படி அளந்தபோது கண்ணில் பட்டது அந்தத் தோல் பை. எவ்வளவு எண்ணெய் காட்டினாலும் சீக்கிரம் கெட்டுப்போகும், விவசாயிக்குத் திரும்பத் திரும்பச் செலவு.

1903-ல் ஸ்கூல் ஆஃப் ஆர்ட்ஸில் குரோம் தோல் சோதனை தொடங்கியது. நோக்கங்களில் ஒன்று, கவலைக்கு உழைக்கிற தோல் கிடைக்குமா என்று பார்ப்பது. கிடைத்தது. குரோம் தோல் தண்ணீரில் டேனினை இழக்காது, ஏனென்றால் அதில் டேனினே இல்லை. பையோடு செருப்பு, பூட்ஸ் என்று விற்பனையும் வந்தது. அரசாங்கப் பட்டறை, நாட்டுத் தொழிலாளர்கள், முழுசாக முடித்த தோல். லண்டனுக்கு அரைகுறையாக அனுப்ப வேண்டியதில்லை.

இது யாருக்குப் பிடிக்காது என்று நீங்களே சொல்லலாம். மெட்ராஸின் ஐரோப்பிய வியாபாரிகள் சங்கம் எதிர்த்தது. அரசாங்கம் எங்களோடு போட்டி போடலாமா என்று கேட்டார்கள். விஷயம் லண்டன் வரை போய், 1910-ல் இந்தியாவுக்கான அமைச்சர் மார்லி பிரபு ஒரு கடிதம் அனுப்பினார்: அரசு தொழிலைக் கற்றுத் தரலாம், தொழிற்சாலை நடத்தக் கூடாது. அரசு டேனரி கைவிடப்பட்டது. சாட்டர்டன் கொஞ்ச காலத்தில் மைசூர் சமஸ்தானத்துக்குப் போய்விட்டார். குரோம் தோல் மெட்ராஸில் தனியார் கையில் தொடர்ந்தது. பல்லாவரம் பக்கத்தில் சேம்பர்ஸ் என்பவர் நடத்திய குரோம் லெதர் கம்பெனி அதில் பெரியது. தாம்பரம் லோக்கல் டிரெயினில் 'குரோம்பேட்டை' என்று அறிவிப்பு வரும்போது கேளுங்க, அந்தக் குரோம் இந்தக் குரோம்தான்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கு. கவலைக்கு நல்ல தோல் தேடிய அதே சாட்டர்டன், கிணற்றில் ஆயில் இன்ஜின் பம்ப் வைக்கவும் ஊர் ஊராகப் பிரசாரம் பண்ணினார். கடைசியில் ஜெயித்தது பம்ப்தான். மேட்டூர் அணை 1934-ல் வந்தது, அதன் மின்சாரம் பின்னால் வந்தது, சுதந்திரத்துக்குப் பிறகு மோட்டார் பம்ப் மேட்டுக்காடு முழுக்கப் பரவியது. கவலை நின்றது. தைத்துக்கொண்டிருந்த கைகளுக்கு அந்த வேலையும் போனது, அதற்கு ஈடாக எதையும் யாரும் கையில் கொடுக்கவில்லை. எண்ணெய் போடணும் என்கிற அறிவு மட்டும் தோல் இல்லாமலேயே வீடுகளில் தங்கிவிட்டது.

வண்டிக்குள் தோல் வந்த கதை

கார் சீட்டுக்குத் தோல் குதிரை வண்டியில் இருந்து வந்தது. மெட்ராஸில் 1840-ல் தொடங்கிய சிம்ப்சன் கம்பெனி முதலில் குதிரை வண்டி செய்தது. கார் வந்தபோது சேஸிஸ் மட்டும் கப்பலில் வரும், மேல்கட்டும் சீட்டும் இங்கேயே. சேணம் தைத்தவர்களின் வேலைதான் சீட்டுக்கும் வந்தது. அவர்களோடு சேணத்துக்கான பராமரிப்பும் வந்தது: சேண சோப்பு, மாட்டின் கால் எலும்பில் இருந்து எடுத்த எண்ணெய், மெழுகு. லண்டனில் 1878-ல் தொடங்கிய கானலி என்கிற தோல் கம்பெனி ரோல்ஸ்ராய்ஸுக்கும் ஜாகுவாருக்கும் தோல் கொடுத்தது. அவர்கள் விற்ற பராமரிப்புப் பசைக்குப் பெயர் 'ஹைட் ஃபுட்'. அதாவது தோலுக்குச் சாப்பாடு. தோலுக்குப் பசிக்கும், ஊட்டணும் என்கிற எண்ணம் உலகம் முழுக்க ஒன்றுதான். மோகனூர் அப்பாவும் லண்டன் கானலியும் ஒரே கட்சி.

ஆனால் பொதுமக்கள் ஏறிய பஸ்ஸிலும் லாரியிலும் தோல் இல்லை. அங்கே ரெக்சின். நாம் பொதுப்பெயராகச் சொல்கிற ரெக்சின், மான்செஸ்டர் பக்கத்தில் தயாரான ஒரு பிராண்ட். வெடிமருந்துப் பஞ்சு என்கிற நைட்ரோ செல்லுலோஸைக் கரைத்துத் துணி மேல் பூசுவார்கள். காய்ந்ததும் விறைக்காமல் இருக்க அந்த வகைப் பூச்சுகளில் எதைக் கலந்தார்கள் தெரியுமா? விளக்கெண்ணெய். தோலை விட்டு விரட்டினாலும் அது வண்டிக்குள் வேறு வழியாக வந்துவிட்டது. நாமக்கல்லில் பாடி கட்டிய லாரிகளின் டிரைவர் சீட்டில் பிறகு பிவிசி ரெக்சின் வந்தது, அதன் மேல் டிரைவர் அண்ணன் ஒரு துண்டை விரித்தார். வேர்வைக்கு அதைவிட நல்ல சீட் கவர் இன்னும் கண்டுபிடிக்கவில்லை என்பது என் கருத்து.

தோலும் மாறியது. குரோம் தோலுக்கு எண்ணெய் வேண்டும்தான், ஆனால் அதை டேனரியிலேயே, சுழலும் டிரம்மில், தண்ணீரில் கலந்த எண்ணெயாக இழைக்குள் ஏற்றிவிடுவார்கள். பிறகு மேலே நிறமிப் பூச்சு, அதற்கும் மேலே கண்ணாடி மாதிரி ஒரு படலம். ஒரு காலத்தில் அந்தப் படலமும் நைட்ரோ செல்லுலோஸ், இப்போ பாலியூரித்தேன். கார் கம்பெனிகள் சீட் உரசல், வேர்வை, வெயில் எல்லாவற்றையும் வருஷக்கணக்கில் தாங்கணும் என்று கேட்டதால் அந்தப் படலம் கெட்டியாகிக்கொண்டே வந்தது. டேஷ்போர்டில் இன்னொரு சிக்கல். வெயிலில் மூடி நிறுத்திய காருக்குள் 60 டிகிரியைத் தாண்டும். கொதிநீரைத் தாங்குகிற குரோம் தோல் அந்தக் காய்ந்த சூட்டில் நாளாவட்டத்தில் சுருங்கும். அதனால் டேஷ்போர்டுக்குப் பல கம்பெனிகள் குரோமே இல்லாமல் பதனிட்ட தோலுக்குப் போனார்கள்.

ஆக, இன்றைய கார் சீட்டில் உங்கள் விரல் தொடுவது தோல் இல்லை. தோல் மேல் இருக்கிற பிளாஸ்டிக் படலம். எண்ணெய் தேய்த்தால் உள்ளே போகாது. மேலேயே நின்று தூசியைப் பிடிக்கும், வெயிலில் கெட்டு நாறும், மழைக்காலத்தில் பூஞ்சைக்குச் சாப்பாடாகும். உங்கள் வேட்டியிலும் ஒட்டும். வெர்ஷன் 1-க்கு எழுதிய டாக்குமெண்டேஷனை வைத்து வெர்ஷன் 4-ஐ ஓட்டுகிற கதை. குஷன் கடைக்காரர் அந்த வெர்ஷன் 4-ஐக் கையால் தொட்டுப் பழகியவர்.

அப்போ என்னதான் செய்வது?

முதலில் ஒரு சொட்டுத் தண்ணீர். சீட்டில் மறைவான இடத்தில் விட்டுப் பாருங்க. முத்தாக நின்றால் படலம் இருக்கு. உறிஞ்சி, அந்த இடம் கறுத்தால் படலம் இல்லாத தோல், அல்லது படலம் தேய்ந்துபோன இடம். நம்ம மோகனூர் நண்பரிடமும் இதைச் செய்யச் சொன்னோம். சீட் முழுக்க முத்தாக நின்றது, டிரைவர் ஏறி இறங்கும் பக்கத்து விளிம்பில் மட்டும் உறிஞ்சியது. அதாவது அவர் பார்த்த கோடுகளில் பெரும்பாலானவை படலத்தின் வெடிப்பு. அதற்கு எந்த எண்ணெயும் கண்டிஷனரும் ஒட்டுப் போடாது. சுத்தம் பண்ணி, நிரப்பி, மறுபடி நிறம் பூசுகிற வேலை அது, தெரிந்த கடையில் கொடுக்கணும்.

தினசரிப் பராமரிப்பு அலுப்பூட்டும் அளவுக்கு எளிது. சீட்டைத் தேய்ப்பது பெரும்பாலும் தூசிதான், அதனால் ஈரத் துணிக்கு முன்னால் வேக்குவம், தையல் இடுக்கில் மிருதுவான பிரஷ். பிறகு லேசாக நனைத்துப் பிழிந்த மைக்ரோ ஃபைபர் துணி. அழுக்கு போகவில்லை என்றால் தோலுக்கென்று விற்கிற மிதமான கிளீனர், அதையும் துணியில் எடுத்துத் தடவணும், சீட்டில் நேராக ஊற்றக் கூடாது. ஓட்டை போட்ட சீட் என்றால் கண்டிப்பாகக் கூடாது, உள்ளே இருக்கிற ஸ்பாஞ்ச் குடித்துவிடும். சுத்தத் துணியால் மறுபடி துடைத்து, நிழலில் கதவைத் திறந்து காயவிடுங்க. தலை சாய்க்கிற இடத்தில் தேங்காய் எண்ணெய்க் கறை நம்ம ஊர் ஸ்பெஷல், அதை வாரம் ஒரு முறை துடைத்தாலே பாதிப் பிரச்சினை முடிந்தது. தலைமுடி எண்ணெயும் வேர்வையும்தான் படலத்தை மெதுவாக மிருதுவாக்கி உரியவைக்கும்.

துணி சோப்பு, பாத்திர சோப்பு வேண்டாம். தோல் கொஞ்சம் அமிலத்தன்மை உள்ள பொருள், சோப்பு காரம். சானிடைசர் வேண்டவே வேண்டாம், அதில் இருக்கிற ஆல்கஹால் படலத்தையே கரைக்கப் பார்க்கும். கொரோனா காலத்தில் ஸ்டீயரிங் கவர் பிசுபிசுத்துப் போனவர்களுக்கு இது தெரியும்.

கண்டிஷனர்? படலம் உள்ள சீட்டுக்குத் தண்ணீர் அடிப்படையிலான மெல்லிய பாதுகாப்புப் பூச்சு, வருஷத்துக்குச் சில முறை போதும். அது தோலுக்கு ஊட்டச்சத்து இல்லை, படலத்தின் மேல் உரசலைக் குறைக்கிற இன்னொரு மெல்லிய அடுக்கு. படலம் இல்லாத பழைய தோல் சீட் உள்ள விண்டேஜ் கார் உங்க வீட்டில் இருந்தால், அப்போ அப்பா கட்சிக்கு வாங்க. அங்கே கொழுப்பு சேர்ந்த பசை, கொஞ்சமாக, வேலை செய்யும். அங்கேயும் சமையல் எண்ணெய் வேண்டாம். கார் லெதரெட் என்றால் — நம்ம ஊரில் 'லெதர் சீட்' என்று விற்பதில் பாதிக்குமேல் மனசு அதைத்தான் சந்தேகப்படணும் — கண்டிஷனரே தேவையில்லை, துடைத்தால் போதும். எல்லாவற்றுக்கும் மேலாகக் கண்ணாடியில் ஒரு சன் ஷேட், முடிந்தால் வேப்பமர நிழல். வேப்பமரத்தில் காக்கா இருக்கும், அது வேற எபிசோட்.

கடைசியாக, இந்தக் குரோமின் விலை

மோகனூருக்கு வருகிற காவிரி, ஈரோட்டைத் தாண்டித்தான் வருது. ஈரோடு டேனரி ஊர். 1996 ஆகஸ்ட் 28-ல் உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் தீர்ப்பு சொன்னது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்கணும் என்கிற கொள்கை இந்தியச் சட்டத்தில் அழுத்தமாக நின்ற தீர்ப்பு அது. பாலாற்றுக்காக வந்த வழக்கு என்றாலும், அபராதம் விதித்த மாவட்டப் பட்டியலில் ஈரோடும் இருந்தது, திருச்சியும் திண்டுக்கல்லும் இருந்தன. டேனரிக்கு 10,000 ரூபாய். தொகை சின்னது, ஆனால் சுத்திகரிப்பு இல்லாமல் இயங்கக் கூடாது என்றது பெரியது.

அதோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. 2015 ஜனவரி 31 அதிகாலை, ராணிப்பேட்டை சிப்காட்டில் டேனரிக் கழிவைச் சுத்திகரிக்கும் நிலையத்தில் கசடு தேக்கிய தொட்டி உடைந்தது. பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் செத்துப்போனார்கள். பெரும்பாலானவர்கள் மேற்கு வங்கத்தில் இருந்து வேலைக்கு வந்தவர்கள். கவலைப் பையைத் தைத்த கைகளைப் போல இவர்களும் நாம் துடைக்கிற பளபளப்பில் தெரிய மாட்டார்கள்.

இதை வைத்து, மரப்பட்டை புனிதம், குரோம் விஷம் என்று ரீல் போடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பட்டைத் தோலின் கழிவுநீரும் ஆற்றைக் கெடுக்கும். பச்சைத் தோல் கெடாமல் இருக்கப் போடுகிற உப்பு ரெண்டு முறைக்கும் பொது, பாலாற்றுக் கரையின் கிணறுகளைக் கெடுத்ததில் அந்த உப்புக்குப் பெரிய பங்கு உண்டு. குரோமின் சிக்கல் வேறு: வழக்கமான முறையில் போடுகிற குரோமில் சுமார் 60 சதவிகிதம்தான் தோலில் ஏறும், மீதி தண்ணீரோடு போகும். 1948-ல் அடையாறில் தொடங்கிய மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம், சிஎல்ஆர்ஐ, பல வருஷமாக வேலை பார்ப்பது இந்த மீதியின் மேல்தான். பதனிடும் கட்டத்தில் தண்ணீரே சேர்க்காமல் குரோமை ஏற்றும் முறையை அவர்கள் உருவாக்கி டேனரிகளுக்குக் கொடுத்திருக்கிறார்கள். தண்ணீர் இல்லை என்றால் மீதி போவதற்கு வழியும் குறைவு.

அடுத்த எபிசோட் தயாராகுது, அதற்கு உங்க உதவி வேணும். வீட்டில் கவலை இறைத்த தாத்தாவோ, அந்தத் தோலைத் தைத்த பாட்டன் கதை தெரிந்தவர்களோ இருந்தால் அவங்க குரலையே பதிவு பண்ணி அனுப்புங்க. குறிப்பாக அந்தத் தும்பிக்கைக் குழாயை உங்க ஊரில் என்ன பெயர் சொல்வாங்க, அதுக்கு எந்த எண்ணெய் போடுவாங்க, யார் போடுவாங்க. மூணாவது கேள்விக்குப் பதில் கட்டாயம் வேணும்.